மாப்ளே, அழகரை நம்பிப் பொழைக்காத!

நீ எடுத்தது நல்ல முடிவு மாப்ளே. இந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு நம்ம சேனல்ல நேரலை கிடையாது, திருக்கல்யாணத்துக்கும் அழகர் ஆத்துல இறங்குறதுக்கும் மட்டும் வெளிய ஓடுற படத்தை வாங்கி ஒட்டிக்கிருவோம், மத்த நாளெல்லாம் வழக்கம்போல சினிமாதான்னு சொல்லிட்டியாம்ல? உங்க ஆத்தா எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்துச்சு. "அழுகாத தாயி, ஒம்மகன் கணக்குப் பாக்கக் கத்துக்கிட்டான், இனிமே பொழைச்சுக்கிருவான்"னு தேத்தி அனுப்பி வச்சேன். நல்ல முடிவு எடுக்குறவனுக்கு அதை நாலு வார்த்தை சொல்லி உறுதிப்படுத்த ஒரு தாய்மாமன் வேணும்ல? அதுக்குத்தான் வரச் சொன்னேன். காப்பியக் குடி.

நான் தேனூர்க்காரன். திருவிழாவப் பறிகொடுக்குறதுல எங்களுக்கு முந்நூத்தம்பது வருஷத்துக்கு மேல அனுபவம். முன்னக்காலத்துல அழகர் மலையில இருந்து கிளம்பி அலங்காநல்லூர் வழியா எங்க ஊருக்குத்தான் வந்தாருன்னு சொல்லுவாய்ங்க. அவரு மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்த்தது எங்க ஊரு ஆத்துல. மீனாட்சி கல்யாணம் அப்ப மாசியில நடந்துச்சு. 1623-ல இருந்து 1659 வரைக்கும் ஆண்ட திருமலை நாயக்கர்தான் ரெண்டையும் சித்திரையில சேத்துக் கட்டி மதுரைக்குக் கொண்டுபோனாரு. இன்னைக்கும் தேர் ஓடுறது சித்திரையில, ஓடுற வீதிக்குப் பேரு மாசி வீதி. எங்களுக்கு ஆறுதலா வண்டியூர்ப் பக்கம் ஆத்துக்குள்ள தேனூர் மண்டபம்னு ஒண்ணு கெடக்கு. ஆக, நாயக்கராவது ஒரு ஊருத் திருவிழாவ எடுத்து இன்னொரு ஊருக்குக் குடுத்தாரு. நீ மதுரைக்குள்ளயே உக்காந்துக்கிட்டு மதுரைச் சேனல்ல மதுரைத் திருவிழா இல்லாமப் பண்ணிட்ட. நாயக்கரே எந்திரிச்சு வந்து ஒனக்குத் துண்டு போத்தணும்.

ஒனக்குப் பழைய கதை தெரியாது. மெட்ராசுல 1975 ஆகஸ்ட் 15-ந் தேதி தூர்தர்ஷன் வந்துச்சு. மெட்ராசுக்காரன் பாத்தான், நாங்க பேப்பர்ல படிச்சோம். அப்பறம் 1982-ல இலங்கையில ரூபவாகினி வந்துச்சு. மூங்கிக் கம்புல ஆன்டெனாவக் கட்டி, ஒருத்தன் மொட்டை மாடியில நின்னு திருப்ப, இன்னொருத்தன் கீழ நின்னு "வருது வருது... போச்சு"ன்னு கத்த, அடுத்த நாட்டுக்காரன் விளம்பரத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தோம். கொடைக்கானல் மலையில டவர் வச்ச பெறகுதான் நம்ம பக்கம் படம் தெளிஞ்சுச்சு. 1993 ஏப்ரல் 14-ந் தேதி, சித்திரை பொறந்த அன்னைக்கே சன் டிவி பொறந்துச்சு. அதுக்கெடையில தெருவுக்குத் தெரு கேபிள் வந்துருச்சு. 1995-ல சட்டம் போட்டு, கேபிள் ஓட்டுறவன் தலைமைத் தபாலாபீசுல பதிஞ்சுக்கணும்னாய்ங்க. உங்கப்பன் வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் போயி வரிசையில நின்னு பதிஞ்சுட்டு வந்தாரு.

வானத்துல இருந்து அம்புட்டுச் சேனல் இறங்குறப்ப உங்கப்பன் வயரை எவன் வாங்குவான்? அதை அவரு ரோசிச்சாரு. ஒரு ரூமு, ஒரு டெக்கு, கல்யாண வீடியோ எடுக்குற பையங்கிட்ட ஒரு கேமரா வாடகைக்கு. தேரோட்டம் அன்னைக்கு மேல மாசி வீதியில ஒரு பாத்திரக்கடை மாடியில கேமரா நிக்கும். ஒரு கேசட்டு நெறஞ்சதும் ஒரு பொடியன் அதைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு சைக்கிள்ல பறப்பான். கூட்டத்துல புகுந்து அவன் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அங்கிட்டுத் தேர் நிலைக்கு வந்து வடத்தச் சுருட்டி வச்சிருப்பாய்ங்க, இங்கிட்டு உங்கப்பன் டிவியில அப்பத்தான் தேர் கிளம்பும். கீழ "நேரடி ஒளிபரப்பு"ன்னு எழுத்து ஓடும். ஒருத்தனும் கேஸ் போடலை.

ஏன் போடலைங்கிற? தேர் இழுத்துட்டு வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தவனெல்லாம், தண்ணிகூடக் குடிக்காம டிவி முன்னாடி உக்காந்தான். "ந்தா பாரு, வடத்துக்கு இடப்பக்கம், பச்சத் துண்டு, நாந்தேன்!" பொண்டாட்டி வந்து பாக்குறதுக்குள்ள படம் நகந்துரும். "மறுக்கா எப்பப்பா போடுவீக?"ன்னு உங்கப்பனுக்குப் போன் வரும். சாயந்தரம் ஒருக்கா, ராத்திரி ஒருக்கா, மறுநாள் மத்தியானம் ஒருக்கா போடுவாரு. மீனாட்சியப் பாக்கத்தான் சனம் டிவி முன்னாடி உக்காந்துச்சுன்னு நெனைக்காத. ஆத்தாளக் கோயில்லயே பாத்தாச்சு. டிவியில தன்னப் பாக்க உக்காந்துச்சு. மாசச் சந்தாவ வாசல்ல நின்னு கேக்காம, கூப்பிட்டுக் குடுத்த காலம் அது.

அந்தப் பழம்பஞ்சாங்கமெல்லாம் இப்பச் செல்லாது. நீ புது ஆளு. அதனால ஒனக்கு நான் புது ரோசனையா நாலு சொல்றேன், எழுதிக்க.

மொதல்ல, கொடியேத்தத்துல இருந்து ஆரம்பிக்காத. பன்னண்டு நாள் திருவிழாவக் காட்டுனா பன்னண்டு நாள் ஆளுக்குச் சம்பளம், சாப்பாடு. எட்டாம் நாள் பட்டாபிசேகம், ஒம்பதாம் நாள் திக்கு விசயம், தெனம் சாயந்தரம் மாசி வீதியில வாகனப் புறப்பாடுன்னு எவன் பாப்பான்? மீனாட்சி செங்கோலு வாங்கி ஆட்சிக்கு வர்ற நாளாமே, இருந்துட்டுப் போகட்டும். நம்ம சேனல்ல அந்நேரம் ராசிக்கல் விளம்பரம் இருக்கு. ஒரு பொம்பள ராசாத்தி ஆனதக் காட்டுறதவிட ஒருத்தன் மோதிரம் போட்டு மந்திரி ஆகுறதச் சொன்னா நாலு காசு வரும்.

ரெண்டாவது, திருக்கல்யாணத்துக்கு ஒன் ஆளு ஒருத்தனும் வேணாம். வடக்காடி வீதியும் மேலாடி வீதியும் சேர்ற எடத்துல மேடை போட்டு, 500 ரூவா, 200 ரூவாச் சீட்டுல சனத்தை உக்கார வச்சு, வெளியூர்ச் சேனலெல்லாம் வரிசையா நின்னு எடுக்குறாய்ங்க. நீயும் அதையே வாங்கிப் போடு. என்ன, எல்லாச் சேனல்லயும் ஒரே படம் ஓடும். அதுவும் நல்லதுதான். ரிமோட்டு தேயாது.

ஆனா ஒரு சங்கதி. அந்தத் தாலி கட்டுற நேரத்துல நம்ம ஊருப் பொம்பளைக வீட்டுல டிவி முன்னாடி மஞ்சக் கயித்தத் தட்டுல வச்சு, குத்துவெளக்கேத்தி உக்காந்திருக்கும். அங்க அம்மனுக்குத் தாலி ஏறுனதும் இங்க கயித்த மாத்திக்கிரும். ஒங்கத்தையும் அப்படித்தான். போன வருசம் கெட்டிமேளம் கொட்டப் போற நேரத்துல ஒன் சேனல்ல ஒரு தைல விளம்பரம் வந்துருச்சு. முட்டிவலிக்காரரு ஒருத்தரு எந்திரிச்சு ஓடுறாரு, இவ கழுத்துல பாதிக் கயித்தோட உக்காந்திருக்கா. விளம்பரம் முடிஞ்சு வந்தா மேடையில ஆராத்தி நடக்குது. "இப்பக் கட்டுறதா வேணாமா?"ன்னு என்னையக் கேக்குறா. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துக்கப்பறம் அந்த முடிவ எங்கையில குடுத்த புண்ணியம் ஒனக்குத்தான் மாப்ளே.

இதையே 2020-ல நெனச்சுப் பாரு. கொரோனா. மே மாசம் 4-ந் தேதி, சனமே இல்லாம நாலஞ்சு பட்டருக மட்டும் நின்னு கோயிலுக்குள்ள மீனாட்சிக்குக் கல்யாணம் பண்ணி வச்சாய்ங்க. வாசக் கதவெல்லாம் சாத்திக் கெடந்துச்சு. அன்னைக்கு ஊரு பூராம் கண்ணு இருந்தது பெட்டியிலயும் போன்லயும்தான். அந்த வருசமும் அடுத்த வருசமும் அழகர் மலைய விட்டு இறங்கல. ஒரு ஊரு தன் சாமியப் பாக்க வயரு ஒண்ணுதான் வழின்னு ஆனப்ப, வயரோட அருமை தெரிஞ்சுச்சு. வயருக்காரனுக்குத்தான் ஊரோட அருமை தெரியலை.

மூணாவது ரோசனை. அழகர் வந்தா ஆத்தை மட்டும் காட்டு. அவரு கட்டி வர்றது பச்சப்பட்டா, சிவப்பான்னு ஒரு மணி நேரம் பேசு. தங்கக் குதிரை, கூட்டம், மேல இருந்து ட்ரோன் படம், முடிஞ்சதும் கடையக் கட்டு. பெரிய சேனல்காரன் அப்படித்தான் பண்ணுறான். காலையில எட்டு மணிக்கெல்லாம் அவன் வேனு பைபாஸ் ஏறிரும். ட்ரோன்ல பாத்தா சனமெல்லாம் எள்ளு எள்ளாத்தான் தெரியும், யாரு மொகமும் தெரியாது. அது ஒனக்கு வசதி. "என்னையக் காட்டலியே"ன்னு எவனும் சண்டைக்கு வர மாட்டான்.

ஆனா அழகரு எட்டு மணியோட கடையக் கட்டுறதில்ல. ராமராயர் மண்டபத்துக்குப் போறாரு, அங்க தண்ணி பீய்ச்சுறாய்ங்க. வண்டியூர்ல ராத்தங்குறாரு. மறுநாள் எங்க தேனூர் மண்டபத்துல கருட வாகனத்துல உக்காந்து முனிவருக்குச் சாபம் தீக்குறாரு. அந்நேரம் ஒரு நாரையப் பறக்கவிடுவாய்ங்க. வெயில்ல, தண்ணி வத்துன ஆத்து மணல்ல, அந்த நாரை ரெக்கைய விரிச்சுத் தடுமாறி மேல ஏறுறப்ப கீழ நிக்கிற சனம் போடுற சத்தம் இருக்கே... அதை எந்தப் பெரிய சேனலுக்காரனும் உருப்படியா எடுத்து நான் பாக்கலை. அவனுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நீயும் எடுக்காம இருக்க பாரு, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

அதுக்கப்பறம் ராத்திரி முழுக்க ராமராயர் மண்டபத்துல தசாவதாரம். விடிய விடியக் குழந்தை குட்டியோட சனம் உக்காந்திருக்கும். அப்பறம் தல்லாகுளத்துல பூப்பல்லக்கு. அப்பறம் மலைக்குத் திரும்புறாரு. வர்ற வழியிலயும் போற வழியிலயும் சாமி நின்னு போற மண்டகப்படி 400-க்கு மேல. ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஒரு கதை, ஒரு வகையறா, ஒரு சண்டை. யாரு பந்தல்ல சாமி எம்புட்டு நேரம் நின்னாருன்னு மூணு தலைமுறையாக் கணக்கு வச்சிருக்காய்ங்க. நானூறு மண்டகப்படிக்காரன், அவன் பங்காளி, மாமன் மச்சான், அவன் தெரு. இத்தனை பேரு "எங்க பந்தலு எப்ப டிவியில வரும்?"னு உக்காந்திருப்பான். விளம்பரத்துக்கு ஆளு இல்லைன்னு நீ பொலம்புறதும் இதே ஊர்லதான்.

நாலாவது, வர்ணனைக்கு மெட்ராசுப் பிள்ளையக் கூட்டிட்டு வா. "மாமதுரை மாநகரிலே கள்ளழகர் எழுந்தருளும் இந்த அற்புதமான தருணத்திலே"ன்னு சுத்தமாப் பேசும். சல்லடம் கட்டி, உருமா கட்டி, தோள்ல தோல்பையோட நிக்கிறவனப் பாத்து, "இவர் ஏன் தண்ணீர் அடிக்கிறார்?"னு பக்கத்துல இருக்குறவனையே கேக்கும். அவன் என்ன சொல்லுவான்? "வெயிலு சாஸ்தி தாயி"ன்னுவான். தோல்பையில தண்ணி பீய்ச்சுறது நேத்திக்கடன், அதுக்கு விரதம் இருக்கணும், மோட்டாரு வச்சு அடிக்கக் கூடாதுன்னு ஐகோர்ட்டு வரைக்கும் விவகாரம் போச்சு, சர்க்கரைச் செம்புல சூடம் ஏத்தி ஏன் கும்பிடுறாக, இதெல்லாம் உங்கப்பன் காலத்துல வர்ணனை சொன்ன வாத்தியாரு ஒருத்தரு மூச்சு விடாம ஒப்பிப்பாரு. நடுவுல "கருப்பாயூரணியில இருந்து வந்த சின்னப்பிள்ள ஒண்ணு தல்லாகுளம் போலீஸ் பந்தல்ல அழுதுக்கிட்டிருக்கு, பச்சக் கவுனு, பெத்தவுக வாங்க"ன்னு ஒரு வரி சேத்துச் சொல்லுவாரு. அது நிகழ்ச்சிக்கு எடைஞ்சல்தான். பெத்தவளுக்கு அப்படித் தோணாது.

இந்த எடத்துல கொஞ்சம் நையாண்டிய நிறுத்திக்கிறேன். 2022 ஏப்ரல் 16. ரெண்டு வருசம் மூடிக் கெடந்து தெறந்த திருவிழா, ஊரே ஆத்துல திரண்டுச்சு. நெரிசல்ல ரெண்டு உசுரு போச்சு. அதுக்கு டிவிய யாரும் குத்தஞ்சொல்ல முடியாது, நானும் சொல்லலை. ஆனா எந்தப் படித்துறையில கூட்டம் முட்டுது, எந்தப் பக்கம் காலியாக் கெடக்கு, எந்தப் பாலத்துல ஏறாதீகன்னு தெருப்பேரு சொல்லிச் சொல்லக்கூடியவன் உள்ளூர்ச் சேனல்காரன் ஒருத்தன்தான். டெல்லியில இருந்தும் மெட்ராசுல இருந்தும் வர்றவனுக்கு அது கூட்டம். ஒனக்கு அது ஆழ்வார்புரம், கோரிப்பாளையம், செல்லூரு, சிம்மக்கல்லு. அந்த வேலைக்கு ஒன் சேனல விட்டா ஆளு கிடையாது. அதையும் நீ வேணாங்கிற.

சரி, ஒன் கஷ்டமும் எனக்குத் தெரியாம இல்ல. 2011-ல அரசு கேபிளு 70 ரூவாய்க்குச் சேனல் குடுத்துச்சு, உங்கப்பன் வரும்படி பாதியாச்சு. அப்பறம் செட்டாப் பாக்ஸ் வந்துச்சு. மொதல்ல எட்டாம் நம்பர்ல இருந்த நம்ம சேனலு எங்கிட்டோ போயி ஒளிஞ்சுக்கிருச்சு, மூணு நம்பர அமுக்குனாத்தான் வரும். எனக்குக் கண்ணாடி போட்டாலும் மூணாவது நம்பரு தப்பிப் போயி கன்னடத்துல சமையல் வருது. 2019 பிப்ரவரியில டிராய் புதுக் கட்டணம் கொண்டாந்துச்சு: நூறு சேனலுக்கு 130 ரூவா, அதுக்கு மேல ஜிஎஸ்டி, பணம் கட்டுற சேனலுக்குத் தனிக் காசு. சனம் கணக்குப் பாத்து, "போனே போதும்"னு பொட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுருச்சு. 2022 நவம்பர்ல இன்னொரு விதி: கேபிள் கம்பெனி சொந்தமா ஓட்டுற ஒவ்வொரு சேனலுக்கும் 1,000 ரூவா கட்டிப் பதியணும், மொத்தத்துல 5 சதவீதத்துக்கு மேல அப்படிச் சேனல் கூடாதுன்னு. அம்புட்டையும் எழுதுனவுக, ஊர்த் திருவிழாவக் காட்டலைன்னா அபராதம்னு ஒரு வரி எழுதலை. ஆக, சட்டப்படி நீ உத்தமன்.

அதோட கேமராக்காரன் சம்பளம், கரெண்டு, மாடி வாடகை, பாஸ் வாங்க நாலு ஆபீசுக்கு அலைச்சல். பாஸ் கிடைச்சாலும் பெரிய சேனலுக்கு முன்வரிசை, ஒனக்குத் தூணு மறைவு. இதெல்லாம் நெசம். இம்புட்டுக்கும் நடுவுல தெருவுல போற பயலெல்லாம் போனத் தூக்கிப் பிடிச்சு யூடியூபுல லைவு போடுறான். அவனுக்கு வாடகையும் இல்ல, டிராயும் இல்ல. அதப் பாத்துத்தான் நீ கையத் தூக்கிட்ட. "மாமா, எல்லாப் பயலும் காட்டுறதை நான் காட்டி என்னத்துக்கு ஆகும்"ங்கிற.

இப்ப நான் கேக்குறேன் பதில் சொல்லு. திருவிழாவ எல்லாரும் காட்டுறான், அதனால நீ விட்டுட்ட. சினிமாவ யாரும் காட்டலையா? நீ ஓட்டுற படத்த நாப்பது சேனல்ல நாலாயிரம் தடவை போட்டாச்சு. அந்தக் கதாநாயகனுக்கே அலுத்துப் போயி அவரு கட்சி ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் பண்ணுறாய்ங்கன்னு ஒண்ண விடுறவன், எல்லாரும் பண்ணுற இன்னொண்ணப் புடிச்சுத் தொங்கலாமா? அந்தப் பொடியன் போனுல காட்டுறான்னா, அவன் நிக்கிற எடத்துல இருந்து அவனுக்குத் தெரிஞ்சதக் காட்டுறான். அடுத்த நிமிசம் அவன் பேட்டரி போயிரும். மண்டகப்படிக்காரன் வகையறாவையும் நாரை பறக்குற நேரத்தையும் அவனுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? உங்கப்பன் சொல்லிக் குடுத்தது ஒனக்குத்தான்.

நம்ம பக்கத்துல செய்முறைன்னு ஒண்ணு இருக்கு. உசிலம்பட்டிப் பக்கம் போயிப் பாரு, காதுகுத்து, கல்யாணம், சடங்குன்னா நோட்டுப் போட்டு எழுதுவாய்ங்க. இன்னைக்கு நீ அவன் வீட்டு விசேசத்துல ஆயிரம் எழுதுனா, நாளைக்கு ஒன் வீட்டு விசேசத்துல அது ஆயிரத்தி ஐநூறாத் திரும்பி வரும். எவன் வீட்டுக்கும் போகாதவன் விசேசம் வச்சா, பந்தல் இருக்கும், பாட்டு இருக்கும், ஆட்டுக்கறி இருக்கும், இலையில உக்கார ஆளு இருக்காது. உங்கப்பன் பத்துப் பதினஞ்சு வருசம் ஊரு வீட்டு விசேசத்துக்கெல்லாம் போயி எழுதி வச்சாரு. தேரோட்டம் எழுதுனாரு. தெப்பக்குளத்துல தைப்பூசத்துக்குத் தெப்பம் சுத்துறத எழுதுனாரு. ஆவணி மூலத்துக்குப் புட்டுத் தோப்பு, கோரிப்பாளையம் தர்காவுல சந்தனக்கூடு, கீழவெளி வீதி மாதா கோயில் சப்பரம், செல்லூரு முளைப்பாரி, எதையும் விடலை. அந்த எழுத்துலதான் நீ இன்னைக்கு வரைக்கும் உக்காந்து சாப்பிடுற. ஜவுளிக்கடைக்காரன் விளம்பரம் குடுக்குறது ஒன் மூஞ்சிக்கு இல்ல, "அவுக அப்பாரு எங்க தெருச் சப்பரத்தப் போட்டாரு"ங்கிற நெனப்புக்கு. அந்த நோட்டுல நீ புதுசா ஒரு வரி எழுதலை. பழைய பக்கம் தீந்துக்கிட்டு வருது.

நீ இல்லாம அழகருக்கு ஒண்ணும் குறையாது மாப்ளே, அதையும் சொல்லிர்றேன். அணையில தண்ணி தெறந்துவிட்டாலும் இறங்குவாரு, விடலைன்னாலும் இறங்குவாரு. ஆண்டாள் மாலை சீவில்லிபுத்தூர்ல இருந்து அவருக்கு வந்துரும். மூணுமாவடியில அவர வரவேற்குற எதிர்சேவைக்கு ஒன் கேமரா வரலைன்னு அவரு திரும்பிப் போகப் போறதில்ல. அவரு தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கே நேரத்துக்கு வந்து சேராதவரு. அந்தக் காலத்துலயே நேரலை இருந்திருந்தா, வர்ற வழியில அப்பன் திருப்பதியிலயே நின்னு போன்ல தாலி கட்டுறதப் பாத்துட்டு, "முடிஞ்சிருச்சாம்ப்பா, திரும்புங்க"ன்னு மலைக்குப் போயிருப்பாரு. நமக்குத் திருவிழாவே இல்லாமப் போயிருக்கும். அவருக்கு ஒன்னோட தயவு வேணாம். அவரு தயவு வேணுங்கிற ஆளு நீ.

வேணுங்கிற ஆளு இன்னும் கொஞ்சம் பேரு இருக்காக. படியிறங்க முடியாத கிழவி. ஆஸ்பத்திரியில கெடக்குறவன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில லீவு கிடைக்காம நிக்கிற பய. எம்பேத்தி சிங்கப்பூர்ல இருந்து போன் போட்டு, "தாத்தா, நம்ம தெருவுக்குச் சாமி வந்துச்சா?"ன்னு கேக்குறா. ஆத்துல இறங்குனத அவ போன்லயே பாத்துட்டா, அது உலகத்துக்கே காட்டுறாய்ங்க. அவ கேட்டது நம்ம தெருவ. அதைக் காட்ட உலகத்துல ஒரு சேனலுக்குத்தான் உரிமை இருந்துச்சு, அதுல அந்நேரம் வீட்டுமனை விளம்பரம் ஓடிக்கிட்டிருந்துச்சு.

கடைசியா ஒண்ணு. உங்கப்பன் எடுத்த கேசட்டெல்லாம் அந்த மச்சு ரூமுல இருந்துச்சே, என்ன பண்ணுன? போன தடவை வந்தப்ப எடத்தக் காலி பண்ணணும்னு சொன்ன. பூஞ்சக்காளான் புடிச்சுப் போறதுக்குள்ள ஒரு பயலப் புடிச்சு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்து. அதுல கெடக்குறது தேரு மட்டுமில்ல. செத்துப்போன அம்புட்டுப் பேரும் அதுல வடம் புடிச்சு நடந்துக்கிட்டிருக்கான். "உங்க தாத்தா தேர் இழுத்தத இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பாருங்க"ன்னு ஒரு வரி ஓட்டிப் பாரு. பரண்ல கெடக்குற பொட்டியெல்லாம் தானா இறங்கி வரும். அதுக்கு ஓபி வேனு வேணாம், பாஸ் வேணாம், ஒரு அதிகாரி கையெழுத்தும் வேணாம்.

அதோட ஆத்தப் பெரியவங்கிட்ட விட்டுரு, நீ தெருவப் புடி. ரெண்டு பய, ரெண்டு கேமரா, ஒரு டிவிஎஸ் 50. மண்டகப்படி மண்டகப்படியாப் போகட்டும், பந்தக்காரன் பேரச் சொல்லட்டும், அவன் ஆத்தாளப் பேச வைக்கட்டும். ஒரு பந்தலுக்கு அஞ்சு நிமிசம். அவனே நீர்மோரும் குடுத்து, ஸ்க்ரோலுக்குக் காசும் குடுப்பான். சோழவந்தான்ல பெருமாள் ஆத்துல இறங்குறாரு, மானாமதுரையில வீர அழகர் இறங்குறாரு, பரமக்குடியில இறங்குறாரு. ஒரே வைகையில அத்தனை எடத்துல சாமி இறங்குது, ஒரு பயலும் ஒழுங்காக் காட்டுறதில்ல. அந்த ஊரு கேபிள்காரனும் ஒன்னைய மாதிரிக் கணக்குப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கான். அவங்கிட்டப் பேசு, மாத்திக்கிட்டுப் போடுங்க. ஊரு ரெண்டுபட்டாக் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாய்ங்க. கேபிள்காரனுக்கு ஊரு ஒண்ணு கூடுனாத்தான்டா கொண்டாட்டம்.

இல்ல மாமா, இது தோதுப்படாது, சினிமாவே போதும்னா, தாராளமாப் போ. நான் தடுக்கலை. ஆனா எனக்கு வயசாயிருச்சு. இன்னைக்கோ நாளைக்கோ நான் கண்ண மூடுனா, நீ எம் படத்தப் போட்டு, "கண்ணீர் அஞ்சலி"ன்னு எழுதி, "வருந்தும் மருமகன்"னு ஒம் பேரும் போட்டு, மூணு நாள் ஓட்டுவ. தாய்மாமனுக்கு அதுல பாதி ரேட்டுத்தான் போடுவங்கிறதும் எனக்குத் தெரியும். ஓட்டு, வேணாங்கலை. ஆனா அதைப் பாத்துட்டு எழவுக்கு வர ஊர்ல நாலு பேராவது அந்நேரம் ஒன் சேனலப் பாத்துக்கிட்டிருக்கணும்ல? அந்த நாலு பேரச் சேத்து வைக்கத்தான் இம்புட்டு நேரம் தொண்டத் தண்ணி வத்தப் பேசுனேன். ஒன் பொழப்பப் பத்தி எனக்கென்னடா கவலை, எம் பாடை தூக்க ஆளு வேணும்.